பீப்பாய்க்குள் வாத்து

மேற்கு அயர்லாந்தில், எங்கள் ஊர்க் கரூன் ஏரியில் நான்கு வாத்துகள் மிதக்கின்றன. நான்கும் மஞ்சள் நிறம். இறகு கிடையாது, முட்டை போடாது, நரிக்கும் அவற்றால் பிரயோசனமில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெயிலைக் குடித்து ஓடும் ஒரு சின்னத் தகடு, ஒரு முழக் கம்பி, ஒரு விளக்கு. வயிற்றுக்கு அடியில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் கருவிகள். கலங்கல் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அரை மணிக்கு ஒரு தரம் சொல்லும். கால்வே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டெர்வ்லா என்ற பெண் அவற்றை ஏரியில் இறக்கிய அன்று ஏதோ நீளமான பெயர் சொன்னாள். கரையில் கைகட்டி நின்ற ஃபெஸ்டி கேனன், ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் மலக்கியைக் காட்டி, "நம்ம மலக்கிக்கு வாத்து வாங்கிக் குடுத்துட்டாங்கப்பா" என்றார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏரி இருப்பது மலையின் இடுப்பில், இரண்டு மேடுகளுக்கு நடுவே. அங்கே செல்போன் எடுக்காது. அதனால் ஓடை வந்து ஏரியில் விழும் இடத்தில் கிடக்கும் நான்காவது வாத்து தான் பார்த்ததை மூன்றாவதிடம் சொல்லும். மூன்றாவது இரண்டாவதிடம் சொல்லும். இப்படியே கைமாறிக் கைமாறிப் பம்ப் அறைக் கூரைமேல் இருக்கும் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஊருக்கும் கால்வேக்கும் போய்விடும்.

"அட, நம்ம ஊர் மாதிரியேதான். ஒருத்தி காதுல போட்டா போதும்" என்றாள் பெர்னி. தண்ணீர்க் குழுவுக்கு அவள்தான் தலைவி. "ஒரே ஒரு வித்தியாசம். இதுங்க கூட்டிக் குறைச்சுச் சொல்லாது."

எங்கள் தண்ணீர் அரசாங்கத் தண்ணீர் இல்லை. எங்கள் அப்பன்மார் கூடித் தோண்டி, கூடிக் குழாய் பதித்துக் கொண்டுவந்தது. தோண்டச் சுலபமாக இருந்தது என்று குழாயின் வாயை அந்த ஓடை சேருமிடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். அதனால் நான்கு வாத்துகளில் நான்காவதுதான் முக்கியம். ஏதாவது கொஞ்சம் கூடினால் அதன் விளக்கு மஞ்சளாகும், மலக்கி டார்பியின் செல்லுக்கு மட்டும் சேதி வரும். எல்லை தாண்டினால் சிவப்பு. சிவப்பு பெர்னிக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் டெர்வ்லாவுக்கும் ஒரே நேரத்தில் போகும். அப்புறம் வீட்டுக்கு வீடு அறிவிப்பு: கொதிக்கவைக்காமல் குடிக்காதே.

இனி மலக்கியைப் பற்றி. பள்ளிக்கூடத்துக்கு அவனைப் பிடிக்கவில்லை, அவனுக்கும் அதைப் பிடிக்கவில்லை. மீசை அரும்பும் முன்பே லண்டனுக்குப் போய், அடுத்தவன் ஊரில் அடுத்தவன் குழாய்க்குக் குழி வெட்டினான். அப்பா செத்த பிறகு ஒரு முழங்கால் கெட்டுப்போய்த் திரும்பி வந்தான். மலைமேல் கொஞ்சம் செம்மறிகள், அக்கில் தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கன்செப்டா, பாதி இடிந்த வீடு. ஊரில் யாரும் அவனை ஒரு பேச்சுக்கும் கூப்பிட்டதில்லை. கூட்டத்தில் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கு முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டவர் பாட்சி லேவல். வாத்துகள் வராத காலம் அது. ஒரு வசந்தத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வடிகட்டி பழுதாகியிருந்தது பாட்சிக்குத் தெரியும், சரியாகிவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் மதுக்கடையில் அவருக்குப் பக்கத்து முக்காலியில் அப்புறம் யாரும் உட்காரவில்லை. மலக்கியும் உட்காரவில்லை. கூட்டத்தில் முதல்முறையாக எழுந்து நின்று, "தப்பு நடக்கும். வாயை மூடிக்கிட்டு இருந்ததுதான் பெரிய தப்பு" என்று சொன்னதும் அவன்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். பாட்சி மகளோடு இருக்க மான்செஸ்டருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மலக்கி ஆளே மாறினான். தண்ணீர் அவனை மனுஷனாக்கியது என்றே சொல்லலாம். கடைக்குப் போனால், "என்னப்பா, வாத்து என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். அவன் செல்லை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பான். அந்த இரண்டு வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் சாமியாரின் பிரசங்கத்தைவிட மதிப்பு அதிகம்.

அதிலும் ஃபெஸ்டிக்கு. ஃபெஸ்டி கேனன் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், மலக்கியின் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளிவிடக் கூடாது என்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மற்றவனுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றால் அவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. கொதிக்கவைத்துக் குடி என்று டாக்டர் சொன்னார். "கொதிச்ச தண்ணி செத்த தண்ணி. எங்க ஏரித் தண்ணிக்கு மலக்கி இருக்கான்" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தார் ஃபெஸ்டி. தினமும் காலையில் போன் பண்ணுவார்.

"மலக்கி, குடிக்கலாமா?"

"தாராளமா குடிங்க, ஃபெஸ்டி."

"சரிப்பா." வைத்துவிடுவார். வேறு பேச்சே இருக்காது. கன்செப்டா கேலி பண்ணுவாள்: "காதலி கூட இவ்ளோ தவறாம கூப்பிட மாட்டா."

அந்த ஏப்ரலில் டார்பி வீட்டுக்குப் பூசை முறை வந்தது. எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு தரம் பூசை மாதா கோயிலை விட்டு இறங்கி ஒரு வீட்டுக்கு வரும். முறைவைத்துச் சுற்றும். ஒரு தரம் வந்துபோனால், மறுபடி வருவதற்குள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும். அன்றைக்குச் சாமியார் வந்து, முன்னறையில் ஒவ்வொருவராக வந்து தன் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, சமையலறை மேசையைப் பீடமாக்கிப் பூசை வைத்து, அப்புறம் அக்கம்பக்கம் எல்லாரும் அங்கேயே காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். பூசை வருகிறது என்றால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்காதவன் கிடையாது. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் தூசியைக்கூட விட மாட்டார்கள், சாமியார் அலமாரியை நகர்த்திப் பார்க்கப்போகிறார் என்பதுபோல.

கன்செப்டா அவனை மூன்று வாரம் மலைப்பக்கம் போகவிடவில்லை. சுவருக்கு வெள்ளை, கதவுக்குப் பச்சை, முற்றத்தில் புதுக் கல். ஆடுகளை எண்ணவேண்டும் என்று ஒருநாள் தொப்பியை எடுத்தான்.

"ஆடு எங்கயும் ஓடிடாது. அந்தக் கழிவறைக் கதவு மூடமாட்டேங்குது, அத பாரு மொதல்ல" என்றாள் அவள்.

பெரிய மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. பூசைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மஞ்சள் சேதி வந்தது. ஓடை வாத்து.

மழைக் கலங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் மலக்கி ஏறினான். ஓடையோரமாகவே நடந்தான். ஏரிக்குச் சற்று மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, அது கிடந்தது. ஒரு பெட்டைச் செம்மறி. செத்துச் சில நாள் ஆகியிருக்கும், வயிறு உப்பித் தண்ணீரை மறித்துக்கொண்டு கிடந்தது. எங்கள் மலையில் வேலி கிடையாது, எல்லார் ஆடும் கலந்துதான் மேயும். கம்பளியில் பூசிய சாயம்தான் எது யாருடையது என்று சொல்லும். இடது தொடையில் சிவப்பு, நடுவே ஒரு நீலக் கோடு. டார்பி வீட்டுச் சாயம். அவன் அப்பா காலத்திலிருந்து அதே சாயம்.

ஊர்த் தண்ணீருக்குக் காவல் இருக்கிறவனின் ஆடே ஊர்த் தண்ணீரில் அழுகிக் கிடந்தால் அதற்கு என்ன பெயர்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மலக்கிக்கு முகம் சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான். அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துக் குன்றினான். ஆட்டைப் பார்த்ததும் தண்ணீரைப் பற்றி நினைக்கவில்லை, சாட்சியைத் தேடினான்.

காலைப் பிடித்து இழுத்தான். அது கிழிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஓடையோடு போயிற்று. மூக்கைச் சட்டையில் புதைத்துக்கொண்டு மிச்சத்தைக் கரையேற்றிப் புதைத்துவிட்டு, ஏரிக்கு இறங்கி வந்தான். வாத்தின் விளக்கு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறியது.

அரை மணிக்கு ஒரு தரம்தான் அது பேசும். இன்னும் பேசவில்லை. பேசினால் எல்லார் செல்லிலும் சிவப்பு வரும். பெர்னி கேட்பாள், மேலே என்ன என்று. யாராவது ஏறி வருவார்கள், புதுமண்ணைப் பார்ப்பார்கள். சனிக்கிழமை பூசை. வெள்ளையடித்த வீட்டில், பச்சைக் கதவுக்குள், கொதிக்கவைத்த தண்ணீரை ஜாடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் மரியாதையாக ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பாட்சியின் முக்காலி அவன் கண்முன்னே வந்து நின்றது.

சுவரோரமாக ஆட்டுத்தீனி வந்த நீலப் பீப்பாய் ஒன்று கிடந்தது. மலக்கி அதைப் பக்கத்துப் பாறையில் கசியும் ஊற்றுத் தண்ணீரால் நிரப்பினான். கால்சட்டை நனைய ஏரியில் இறங்கி, நான்காவது வாத்தைக் கழற்றித் தூக்கி, பீப்பாய்க்குள் விட்டான். விளக்கு கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் பச்சையானது. பச்சையாகத்தான் மூன்றாவது வாத்திடம் சொல்லிற்று, அது இரண்டாவதிடம் சொல்லிற்று. எல்லாமே நாணயமான ஜீவன்கள். மனுஷன் ஒருத்தன்தான் இடையில் கைவைத்தான்.

நான்கே நாள், ஓடை அதற்குள் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டான். பம்ப் அறைக்குப் போய்க் குளோரினைக் கொஞ்சம் கூட்டிவைத்தான். வீட்டுக்கு வந்தால் கன்செப்டா குழாயடியில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன இது, நீச்சல்குளம் மாதிரி வாடை?"

"பூசைக்கு ஆள் வராங்கல்ல. சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"அட மனுஷா, சுவர நான் கழுவினா நீ தண்ணியவே கழுவுறியா" என்று சிரித்தாள். அவனுடைய புத்தியை மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் காலை போன் அடித்தது.

"மலக்கி, குடிக்கலாமா?"

பதில் சொல்ல அவனுக்கு ஒரு கணம் இருந்தது. இன்னைக்கு மட்டும் கொதிக்கவைச்சுக்கோங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார் ஃபெஸ்டி. ஃபெஸ்டிக்குத் தெரிந்தது கடைக்குத் தெரியும்.

"குடிங்க, ஃபெஸ்டி."

"சரிப்பா. வாடை ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன். நீ சொன்னா சரி."

வியாழக்கிழமையும் கேட்டார். வெள்ளிக்கிழமையும் கேட்டார். ஒவ்வொரு தரமும் மலக்கி அதே வார்த்தையைச் சொன்னான். சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு இறங்குமா? அவனுக்கு இறங்கவில்லை. தன் வீட்டுக் குழாயில் அவன் ஒரு வாய் குடிக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஊற்றில் யாரும் பார்க்காதபோது போய்க் குடித்துவிட்டு வந்தான். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

சனிக்கிழமை நல்ல வெயில். அந்த வாரம் முழுக்கவே மழைக்குப் பிறகு வெயில்தான். முற்றம் நிறையக் கார்கள். பெர்னி ஆப்பிள் கேக்கோடு வந்தாள். ஃபெஸ்டி வருஷத்துக்கு ஒரு தரம் போடும் கோட்டில் வந்தார், கழுத்துப்பட்டை அவருக்கு இப்போது பெரிதாயிருந்தது. கன்செப்டா அழைத்திருந்ததால் டெர்வ்லாவும் கால்வேயிலிருந்து வந்திருந்தாள். மலக்கியைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"மலக்கி, உங்க நாலாவது வாத்துக்கு ஜுரம்."

"என்னது?"

"மத்த மூணும் ராப்பகல் ஒரே மாதிரி ஜில்லுனு கிடக்கு. இது மட்டும் மத்தியானம் சூடாகுது, ராத்திரி ஆறிடுது. மறுபடி மத்தியானம் சூடாகுது. ஏதோ குட்டைல மாட்டிக்கிச்சுனு நெனைக்கிறேன், ஓடை வத்தியிருக்கும். நான்தான் நங்கூரத்தச் சரியா போடல போல, மன்னிச்சுக்கோங்க. பூசை முடிஞ்சதும் நானே ஏறிப் பாத்துடறேன். நீங்க விருந்தாளிங்கள கவனிங்க."

மன்னிப்பு வேறு கேட்கிறாள். மலக்கி தலையை ஆட்டினான். தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பதைத்தான் அந்த வாத்திடம் மறைத்தோம், சூட்டை மறைக்கவில்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டதுதான் மிச்சம்.

உள்ளதைச் சொல்கிறேன், அவனை அந்த முன்னறைக்குள் தள்ளியது மனசாட்சி இல்லை, பயம்தான். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்தப் பெண் பீப்பாயைப் பார்த்துவிடுவாள். முன்னறையில் சாமியார் ஒபின்னா கழுத்தில் ஊதாத் துணியைப் போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நைஜீரியாக்காரர், எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து மூன்று வருஷம் இருக்கும். மலக்கி கெட்ட முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஆடு, ஓடை, பீப்பாய், ஃபெஸ்டியின் போன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் புதுசு.

சாமியார் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் ஊர்ல தண்ணிய யாரும் நம்ப மாட்டோம், மலக்கி. கொதிக்க வைப்போம், வடிகட்டுவோம், அப்பவும் பாத்துட்டுதான் குடிப்போம். இங்க வந்த முத வருஷம் கடையிலதான் பாட்டில் வாங்கினேன். மலக்கி இருக்கார் ஃபாதர், குழாய்லயே குடிங்கனு எல்லாரும் சொன்னாங்க. உங்கள நம்பித்தான் குடிக்க ஆரம்பிச்சேன்."

"தெரியும், சாமி."

"நான் மன்னிப்பு குடுக்கறேன், அது என் வேலை. ஆனா அதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போங்க. உங்க வீட்டம்மா சமையலறைல ஜாடி நிறையத் தண்ணி வெச்சிருக்காங்க. நான் வரும்போதே பாத்தேன்."

மலக்கி சமையலறைக் கதவைத் திறந்தான். வீடு நிறைய ஆள். மேசைமேல் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, சிலுவை. பக்கத்து அலமாரிமேல் ஜாடி நிறையத் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் ஃபெஸ்டி நின்றுகொண்டு, ஒரு கையில் காலை மாத்திரைகளும் மறு கையில் கண்ணாடித் தம்ளருமாகக் கன்செப்டாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போது எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கனவுல வரும் கன்செப்டா. பொம்பள இல்ல, தப்பா நினைக்காத. இந்தத் தண்ணிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபெஸ்டி தம்ளரை உயர்த்தினார்.

"ஃபெஸ்டி, குடிக்காதீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் மலக்கியின் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன்ப்பா?"

"தண்ணி சரியில்ல." மலக்கி ஜாடியை அவர் பக்கத்திலிருந்து நகர்த்தினான். "செவ்வாக்கிழமையில இருந்தே சரியில்ல. என் ஆடு ஓடைல செத்துக் கிடந்துச்சு. செவப்பு வந்துடும்னு நான் வாத்த எடுத்துப் பீப்பாய்க்குள்ள போட்டேன். எல்லாருக்கும் பச்சைனு வந்தது பீப்பாய்த் தண்ணி."

டெர்வ்லா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கன்செப்டா அடுப்பங்கரையில் துணியைப் பிடித்தபடி நின்றாள். ஃபெஸ்டி மட்டும் அவனையே பார்த்தார்.

"நான் தெனமும் கேட்டேனே, மலக்கி."

"கேட்டீங்க."

"குடிங்கன்னியே."

"சொன்னேன்."

ஃபெஸ்டி தம்ளரைக் கீழே வைத்தார். மேசையின் வெள்ளைத் துணியில் சொட்டிவிடக் கூடாது என்று மெதுவாக, ஓரமாகப் பார்த்து வைத்தார். மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் மலக்கிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

பெர்னி அங்கேயே உட்கார்ந்து செல்லில் அறிவிப்பைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் இருந்த எல்லார் பையிலும் கைப்பையிலும் ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.

பூசைக்கு வந்துவிட்டு நடுவில் எழுந்து போவது எங்களிடம் வழக்கமில்லை. அதனால் ஒருத்தரும் போகவில்லை. சாமியார் வந்தார், பூசை நடந்தது. திராட்சை இரசத்தில் கலக்க ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டுமே, கன்செப்டா கெட்டிலில் கொதிக்கவைத்து ஆற்றிக்கொண்டு வந்தாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தபோது அவரவர் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தார்கள். ஃபெஸ்டி அறையைக் கடந்து வந்து மலக்கியின் கையைப் பிடித்து, "சமாதானம் உண்டாவதாக" என்றார். யாருக்கும் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தக் கை காய்ந்து லேசாக இருந்தது. மலக்கியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாப்பிட்டார்கள். பாலும் ஆரஞ்சுச் சாறும் குடித்தார்கள். வெள்ளைச் சுவரைப் பாராட்டினார்கள். புதுக் கல்லைப் பாராட்டினார்கள். தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு கன்செப்டா ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்தாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"செவப்பு வந்திருந்தா என்ன ஆயிருக்கும், மலக்கி? நான் ஒரு கெட்டில் தண்ணி வெச்சிருப்பேன். அவ்ளோதானே. ஒரு கெட்டில்."

மலக்கி கெட்டிலை எடுத்து நிரப்பி அடுப்பில் வைத்தான்.

மறு வாரம் ஃபெஸ்டியைக் கால்வே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். தண்ணீரால்தான் என்று யாரும் சொல்லவில்லை, தண்ணீரால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. மலக்கி பார்க்கப் போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் முத்திரை உடைக்காத பாட்டில் தண்ணீர் வரிசையாக இருந்தது. ஃபெஸ்டி அவனோடு ஆட்டு விலையைப் பற்றிப் பேசினார், வெயிலைப் பற்றிப் பேசினார். அவரிடம் சொல்ல வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததில் ஒரு சொல்லும் மலக்கியின் வாயில் வரவில்லை. வண்டிக்குத் திரும்பிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

ஃபெஸ்டி பிழைத்து வந்தார். மாற்றிவைத்த சிறுநீரகம் முன்புபோல் இல்லை என்று கேள்வி.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மலக்கி கூட்டத்தில் எழுந்து சொன்னான். பெர்னி, "உக்காரு மலக்கி, வேற யாரு அந்த மலை ஏறுவா" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே இன்னொன்றும் முடிவானது. வாத்துகள் சொல்வது இனிமேல் மலக்கியின் செல்லுக்கும் குழுவுக்கும் மட்டும் இல்லை, எல்லா வீட்டுச் செல்லுக்கும் நேராகப் போகும். டெர்வ்லா ஒரு மத்தியானத்தில் செய்துகொடுத்தாள். வாத்தை யாராவது தூக்கினால் அதுவே காட்டிக்கொடுக்கும்படி அதன் வயிற்றுக்குள் இன்னொரு கருவியும் வைத்தாள். வைக்கும்போது மலக்கிதான் படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள்.

இப்போது கடைக்குப் போனால் யாரும் அவனிடம் வாத்து என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. அவரவர் செல்லில் பார்த்துக்கொள்கிறார்கள். மழையைப் பற்றிக் கேட்கிறார்கள், முழங்காலைப் பற்றிக் கேட்கிறார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. காலையில் அந்த நேரம் வந்தால் மட்டும் மலக்கி மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு செல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கன்செப்டா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள்.

அறுப்பு முடிந்த ஒரு காலை, அதே நேரத்துக்கு, போன் அடித்தது. ஃபெஸ்டியின் பெயர். மலக்கி எழுந்தே நின்றுவிட்டான். தேநீர் கையில் சிந்தியது.

"சொல்லுங்க, ஃபெஸ்டி."

"மலக்கி, உன் ஆடு ஒண்ணு ரோட்டுல நிக்குது. செவப்பும் நீலமும். வண்டி ஏதும் அடிச்சிடப் போகுது, வந்து ஓட்டிக்கிட்டுப் போ."

"இதோ வரேன், ஃபெஸ்டி." மலக்கி செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அந்தப் பக்கம் குழாயைத் திறக்கும் சத்தம், தம்ளர் நிறையும் சத்தம். "வேற ஏதாவது கேக்கணுமா, ஃபெஸ்டி?"

"வேற என்ன? ஒண்ணுமில்லையே" என்றார் ஃபெஸ்டி. குடித்துவிட்டுப் போனை வைத்தார்.